ஒலிபெருக்கிக்காரன் கணக்கு

போன வாரம் ஆயர் ஈத்தாமில் ஒரு சாவுக்குப் போட்டேன்.
அதற்கு முன்னால் பேய் மாதக் கூத்து மேடை, ஒன்பது இரவு.
முன்வரிசை நாற்காலிகள் காலி;
அவற்றுக்கும் சேர்த்துத்தான் சத்தம் வைத்தேன்.
இன்று தஞ்சோங் பூங்கா மண்டபம்,
போலந்துக்காரர்கள் விழா.

எங்கே இருக்கிறது அது, என்றான் குணாளன்
வயரைப் பிரித்துக்கொண்டே.
ஜெர்மனிக்குப் பக்கம் என்றேன்.
எவ்வளவு பக்கம் என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

கொடியை அவன்தான் கட்டினான்.
சிவப்பு மேலே, வெள்ளை கீழே.
மண்டபம் கொஞ்ச நேரம் இந்தோனேசியாவாக இருந்தது.
ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு
பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி
ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கட்டினாள்.
இறங்கும்போது மட்டும் அவன் தோளைப் பிடித்தாள்.

பெயர் போழெனா.
ழ இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.
நம் ழ இல்லை.
நாக்கு மடியாமல் பல்லோரம் உரசிப் போவது,
ஈரத்துணியில் இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி.
என் பெயரைச் சொன்னேன்: எழிலரசு.
எஸிலராசு, என்றாள்.
மைக் திறந்திருந்தது.
இரண்டு பேரும் தோற்றது
பின்சுவர் வரை கேட்டது.

நாம் ஹலோ ஹலோ என்போம்.
அக்கார்டியன்காரர் ராஸ், ராஸ், ராஸ் என்றார்.
ஒன்று, ஒன்று, ஒன்று என்று அர்த்தமாம்.
இரண்டுக்குப் போகவே இல்லை.
நம் பஜனைப் பெட்டி எழுந்து நின்று
ஒருவர் மார்பில் தொற்றிக்கொண்டால் அப்படி இருக்கும்.
துருத்திப் பக்கம் மைக் வைத்தால் காற்று இரைகிறது,
கட்டைப் பக்கம் வைத்தால் நகம் தட்டுகிறது.
அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

காளானும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்த மாவு ஒரு மேசையில்.
பத்தடி தள்ளி, சுவரோரம், பன்றித் தொத்திறைச்சி;
நாலு மொழியில் எச்சரிக்கை,
தமிழில் மட்டும் பன்றீ என்று நீண்டிருந்தது.

முட்டைக்கோஸ் புளிக்க அங்கே மூன்று வாரமாம்.
இங்கே ரெலாவில், பதினேழாம் மாடியில்,
நாலே நாளில் பொங்கிவிட்டதாம்.
உங்கள் ஊர் அவசரப்படுத்துகிறது, என்றாள்.
வந்து பதினோரு வருடம்.
சொன்ன பிறகு அவளுக்கே உறுத்தியிருக்க வேண்டும்,
கரண்டியைத் தேடப் போனாள்.

மூன்றரைக்கு மழை, கடலிலிருந்து குறுக்காக.
மூன்று நாற்பதுக்கு விளக்கு, விசிறி,
என் பெட்டிகள் எல்லாம்
டொப்பென்று ஒரே நேரத்தில் செத்தன.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளுகிறேன்,
பின்னால் அவர் நிறுத்தவே இல்லை.

என் கை படாமல் கேட்டது.
இரைச்சலும் நகமும் சேர்ந்தேதான் அது.
மூன்று தட்டு, இரண்டாவதில் ஒரு தடுக்கல்,
அந்தத் தடுக்கலில் எல்லாக் குதிகாலும் ஒன்றாய் விழுந்தது.
காவலாளி பக் சுஹைமி கதவோரம்
பூட்ஸால் தட்டினார், தப்பாமல்.
தலையில் பூவளையம் சரிய ஒரு சிறுமி
குணாளனை இழுத்துக்கொண்டு போனாள்.
அவன் இடுப்பில் இன்சுலேஷன் டேப்பும் ஆடியது.

போழெனா ஆடவில்லை.
கேஸ் அடுப்பு மட்டும் எரிந்தது.
அந்த நீலத்தில் மாவுகள் ஒவ்வொன்றாய் மிதந்து வந்தன.
ஒரு தட்டு நீட்டினாள்.
மேலே தூவியிருந்தது சதகுப்பை.
என் மனைவியின் பிள்ளைப்பேற்று மருந்து
வாயில் வெண்ணெயோடு கரைந்தது.

நாலு இருபதுக்குக் கரண்ட் வந்தது.
யாரோ கைதட்டினார்கள்,
விளக்குக்கா பாட்டுக்கா தெரியவில்லை.
நான் மைக்கைத் தொடவில்லை.

பில்லில் நாற்பது நிமிடம் கழித்து எழுதினேன்.
அவள் அடித்துவிட்டு முழுசாய் எழுதினாள்.
நான் அடித்தேன். அவள் அடித்தாள்.
தாள் கிழிந்தது.
கிழிந்த இடத்தில் ஒரு டப்பா முட்டைக்கோஸை வைத்து
நகர்ந்துவிட்டாள்.

லாரியில் அது குணாளன் மடியில் வந்தது,
உள்ளே மூச்சு முட்டி
மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தபடி.
ஒவ்வொரு தடவைக்கும் அவன் எண்ணினான்:
ராஸ்.
ராஸ்.